பக்கத்து சீட் காலி

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவிங் ஸ்கூல் போன் அடிப்பது இப்போதெல்லாம் அபூர்வம். அதனால் அது அடித்தபோது மாஸ்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு ஓடிவந்து எடுத்தாள்.

"அம்மா, நான்தான்."

ஹாரன். பெற்ற மகள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியின் எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி அழுததால் அப்பா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் என்னவென்று வீட்டிலேயே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் இதே அறையில் அவள் அப்பா, ஸ்கூல் மாஸ்டர், போட்ட குண்டின் புகை இன்னும் அடங்கவில்லை. "மாசக் கடைசியோட ஸ்கூலை மூடறேன். வெள்ளை வண்டி நமக்கு இருக்கட்டும். நீல வண்டியை மெக்கானிக் வாங்கிக்கிறார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து ஓட்டிக்கிட்டுப் போவார்" என்று, கடைக்குப் போய் வருகிறேன் என்கிற குரலில் சொல்லிவிட்டார். அந்த நீல வண்டியில்தான் ஹாரன் ஆறு வருடமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் போட்ட சண்டையில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. பையைத் தூக்கிக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவள், இன்றுதான் போன் செய்கிறாள். மெக்கானிக் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் இதுதான்.

"அப்பா இருக்காரா?"

"வெள்ளை வண்டியில போயிருக்காரு. பல் டாக்டருக்குக் கிளாஸ்."

"நல்லதாப் போச்சு. அம்மா, கோபப்படாமக் கேளு. நான் இங்க ஒரு காரியம் பண்ணிட்டேன். அண்ணன் குடியிருப்புல லிஃப்டுக்குள்ள ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். கார் ஓட்டணும்னு ஆசைப்படறவங்க ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பின்பக்கம் காலி மனைக்கு வாங்கன்னு. ரெண்டு மூணு பேர் வருவாங்கன்னு நினைச்சேன்."

"வரலையா?"

"இப்பவே வந்து நிக்கிறாங்கம்மா. பக்கத்துக் குடியிருப்புலேருந்தும் வந்திருக்காங்க. அத்தனை பேரும் பொம்பளைங்க. ஒரு அக்கா வீட்டுலேருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்துட்டாங்க. இன்னும் லிஃப்ட் திறக்கத் திறக்க ஆள் வந்துகிட்டே இருக்கு."

மாஸ்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. துணியை மேசைமேல் போட்டாள்.

"வண்டி?"

"அதான்மா சிக்கல். காலையில பஸ் பிடிச்சு வந்து நீல வண்டியை எடுத்துக்கிட்டு வரலாம்னு இருந்தேன். ஸ்டாப்புல நின்னதுதான் மிச்சம், பஸ் வரவேயில்லை. அண்ணனும் அண்ணியும் கார் எடுத்துக்கிட்டு வெளியூர் போயிட்டாங்க. நீ யாரையாவது பிடிச்சு வண்டியை அனுப்பிடு. அப்பா ஒரு தடவை இந்தக் கூட்டத்தைக் கண்ணால பார்த்தார்னா விக்க மாட்டார். மெக்கானிக் வர்றதுக்குள்ள இது நடக்கணும். இல்லேன்னா எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா."

"அனுப்பறேன். வை."

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்பதை மகள் சொல்லித்தானா மாஸ்டரம்மா தெரிந்துகொள்ள வேண்டும்? இத்தனை வருடமாக இந்த போனை எடுப்பவள் அவள்தானே. முதலில் குழந்தை பிறந்த வீடுகள் போயின. இருக்கிற ரெண்டு ரூமில் தொட்டில் எங்கே போடுவது என்றார்கள். அவர்கள் பின்னாலேயே தையல்காரர் போனார், பாடப்புத்தகக் கடை போனது, கடைசியில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கூட மணியடித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். தெருக்கோடி ஆரம்பப் பள்ளிக்கூடம் இப்போது ஆளுக்கொரு மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை பார்க்கும் கூடம். குட்டி நாற்காலிகள் இருந்த இடத்தில் சுழல் நாற்காலிகள்.

காலியான வீடுகளுக்கு இளவட்டங்கள் குடிவந்தார்கள். ஒரே அறை, சுவரில் மாட்டிய சைக்கிள், வாசலுக்கே வந்து சேரும் சாப்பாடு. தங்கமான பிள்ளைகள், வழியில் பார்த்தால் கையிலிருக்கும் பையை வாங்கித் தூக்கி வருவார்கள். ஆனால் அவர்களுக்குக் கார் என்பது போனில் கூப்பிட்டால் வருவது, அவ்வளவுதான். அதை ஓட்டுவது என்னவோ சமையல் கேஸ் சிலிண்டரைத் தாங்களே நிரப்புகிற மாதிரி அவர்களுக்குப் படுகிறது.

"கத்துக்க இங்க ஆள் இல்லை. அங்க போய்க் கடை விரிக்க எனக்குத் தெம்பு இல்லை" என்பது மாஸ்டர் கட்சி.

மாஸ்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினாள். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்த பையனிடம், "தம்பி, கார் ஓட்டுவியா?" என்றாள்.

"இல்லையே ஆன்ட்டி. டாக்ஸி கூப்பிடட்டுமா?"

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியாது. காப்பிக் கடைப் பையனுக்கும் தெரியாது. அவன் ஒற்றைச் சக்கரத்தில் போகும் ஏதோ ஒரு வண்டியைக் காட்டி, அது மட்டும் ஓட்டுவேன் என்றான். செருப்புக் கடைப் பெரியவருக்குத் தெரியும், மாஸ்டரிடமே கற்றவர். ஆனால் அவர் நேற்றுதான் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கண்ணு நல்லாத்தான் இருக்கு, வரட்டுமா?" என்றார் அவர்.

"நீங்க உட்காருங்க" என்றாள் மாஸ்டரம்மா.

டிரைவிங் ஸ்கூல் இருக்கிற தெருவில் கார் ஓட்டத் தெரிந்த ஓர் ஆள் அகப்படவில்லை. இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

மூச்சு வாங்க ஆபீசுக்குத் திரும்பியவள், ஆணியில் தொங்கிய நீல வண்டியின் சாவியைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்கவில்லை.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. காலாவதியும் ஆகவில்லை. லைசென்ஸ் காலாவதி ஆவதெல்லாம் மாஸ்டர் வீட்டில் நடக்காத காரியம், தேதி வந்ததும் அவரே கூட்டிப்போய்ப் புதுப்பித்துவிடுவார். கல்யாணமான புதிதில் அவர்தான் கற்றுக்கொடுத்தார். தேர்வு அன்று பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்ததால் ஒரே தடவையில் தேறிவிட்டாள். அதற்குப் பிறகு மாஸ்டர் உட்கார்ந்தார். அதோடு சரி.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. மாணவன் தடுமாறினால் மாஸ்டர் மிதித்துக்கொள்வார். மாஸ்டரின் அந்தக் கால் நாளடைவில் அவர் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போனால் முன் சீட்டை உதைக்கும். டீவியில் கார் துரத்தல் வந்தால் தரையை மிதிக்கும். மனைவி ஓட்டினாலோ கேட்கவே வேண்டாம். கிளம்பினால் பிரேக், திரும்பினால் பிரேக், எறும்பு குறுக்கே போனால் பிரேக். "நான் காலை வைக்கவே இல்லை" என்று சத்தியம் வேறு செய்வார். வண்டியை எவ்வளவு தூரம் தான் ஓட்டினோம், எவ்வளவு தூரம் அவர் ஓட்டினார் என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நமக்கு இது வராது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

விட்டதை எடுத்துத்தான் பார்ப்போமே.

சாவியை எடுத்தாள்.

வண்டி கிளம்பவில்லை. ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்தது. மாஸ்டரம்மா பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டைத் திரும்பி முறைத்தாள். அங்கே யாரும் இல்லை. குற்றம் சொல்ல ஆள் இல்லாதபோது கிளட்சை மெதுவாக விடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாம் தடவை வண்டி நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் போறீங்க!" என்று ஒற்றைக் கண்ணோடு கையசைத்தார் செருப்புக் கடைக்காரர்.

தெரு முழுக்க அந்தக் காலத்தில் இல்லாத சமாசாரங்கள். ஒருவழிப் பாதை, பச்சை வண்ணம் அடித்த சைக்கிள் பாதை, சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நாலா பக்கமும் பாயும் பையன்கள். முதல் சிக்னலில் வண்டி எங்கே அணைந்துவிடுமோ என்று கிளட்சை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கூரைமேல் இருந்த 'எல்' பலகையைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் தாராளமாகத் தள்ளியே நின்றார்கள். இத்தனை காலம் அந்தப் பலகையைத் துடைத்ததற்கு இன்றுதான் கூலி கிடைத்தது.

பாலம் வந்தது. மூன்றாம் கியர், பிறகு நான்காம் கியர். மாஸ்டரோடு போன நாட்களில் நான்காம் கியர் என்று ஒன்று இருப்பதாக அவள் கேள்விப்பட்டதோடு சரி.

எதிர்ப்பக்கம் கார்கள் எறும்பு வரிசையாக நின்றன. கார்களுக்குள் குழந்தைகள், டிக்கியில் அவர்களுடைய தள்ளுவண்டிகள். வாரம் முழுக்க அந்தப் பக்கம் குடியிருந்துவிட்டு, விடுமுறையில் பழைய தெருக்களில் நடந்து, உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போக வருகிறவர்கள். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் ஊருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குள்ளேயே இருந்தவள் வெளியே போய்க்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துப் பாதை துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது.

பக்கத்து சீட்டில் கிடந்த போன் அடித்தது. திரையில் 'மாஸ்டர்'. விஷயம் எட்டிவிட்டது.

எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுத்தால் கையை ஒடிப்பேன் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் அவரே அல்லவா. அது நின்று, மறுபடி அடித்து, மறுபடி நின்றது. மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். பயம் இருந்தது, இல்லாமலா. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியும் என்கிற சந்தோஷம். அதைத் தெரிந்துகொள்ள ஐம்பத்தாறு வயதாயிற்றே என்று கொஞ்சம் ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

அந்தப் பக்கம் எல்லாம் புத்தம் புதுசு. குச்சி நட்டுக் கட்டிய மரக்கன்றுகள், பெயர் வைக்காத சாலைகள், நடைபாதை என்று ஆரம்பித்து மணல் குவியலில் போய் முடிகிற நடைபாதை. அண்ணன் குடியிருப்புக்குப் பின்னால் பெரிய காலி மனை. அதைச் சுற்றி வட்டமாகத் தார்ச் சாலை. அங்கேதான் கூட்டம் நின்றது. பெண்கள், தள்ளுவண்டிகள், ஒரு மடக்கு நாற்காலி, நடுவில் ஹாரன்.

நீல வண்டி வந்து நின்றதும் ஹாரன் ஓடிவந்தாள். ஓட்டிவந்த ஆளுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தவள், பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பின் சீட்டைப் பார்த்தாள்.

"யாரும்மா ஓட்டிக்கிட்டு வந்தது?"

"நான்தான்."

ஹாரன் வாயடைத்து நின்றது அந்தக் குடும்ப வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. நேரமும் இல்லை.

"எல்லாரும் வாங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பைத் தொடங்கினாள். "இது கிளட்ச், இது பிரேக், இது..."

பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மடக்கு நாற்காலி அக்கா கையைத் தூக்கினார்.

"கண்ணு, தப்பா நினைக்காதே. கிளட்ச் எதுன்னு எங்களுக்குத் தெரியும். என்கிட்ட ஒன்பது வருஷமா லைசென்ஸ் இருக்கு."

"என்கிட்டயும் இருக்கு" என்றாள் குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்றவள்.

"எனக்கும்."

பைகள் திறந்தன. பளபளவென்று ஒரு கீறல் இல்லாத அட்டைகள் வெளியே வந்தன. ஒருத்தியின் போட்டோவில் அவள் கல்லூரிப் பெண்ணாக இருந்தாள். ஊருக்குள் இருந்தவரை கீழே இறங்கினால் கடை, திரும்பினால் பஸ், காருக்கு வேலையே இல்லை. ஓட்டத் தேவை வந்தது இங்கே குடிவந்த பிறகுதான். அப்போதோ பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"நான் நர்ஸ்" என்றாள் ஒல்லியாக ஒரு பெண். "ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். விடியறதுக்கு முன்னாடி டியூட்டி, அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. தினமும் எங்க வீட்டுக்காரர்தான் தூக்கத்துலேருந்து எழுந்து கொண்டு விடறார். சரி, நானே ஓட்டறேன்னு சொன்னா பக்கத்துல உட்கார்ந்துகிட்டு ஐயோ, அம்மான்னு கத்தறார். இந்த மாசம் முடியறதுக்குள்ள நான் ஓட்டலேன்னா வேலையை விடணும். இவருக்கும் ஷிஃப்ட் மாறுது."

"வாங்கக்கா, உங்கள்லேருந்தே ஆரம்பிக்கலாம்" என்றாள் ஹாரன்.

நர்ஸ் ஓட்டுநர் இருக்கையில், ஹாரன் பக்கத்தில். வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்தில் குலுங்கி நின்றது. மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. ஒரு வட்டம் முடிவதற்குள் நர்ஸின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. இறங்கியவள், "எனக்கு வராதுங்க. நான் சொன்னேன்ல" என்றாள்.

மாஸ்டரம்மா கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பார்வை முழுக்க மகளின் முழங்காலில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது லேசாக ஏறி இறங்கியது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த கால்.

"இறங்குடி" என்றாள்.

"என்னம்மா?"

"நீ காலை வைக்கிறே."

"நான் காலை வைக்கவே இல்லை."

"அதே வசனம். இறங்கு கீழே."

ஹாரன் இறங்கினாள். மாஸ்டரம்மா பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. பின் கதவைத் திறந்து பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். "வாம்மா நர்சு. ஏறு."

"பக்கத்துல யாரு?" என்றாள் நர்ஸ்.

"யாரும் இல்லை. காலையில நானும் அப்படித்தான் வந்தேன். பாலத்தைத் தாண்டி வந்தேன். உன்னைவிட நான்தான் அதிகம் பயந்தவ."

"அம்மா, ஏதாவது ஆச்சுன்னா?" ஹாரனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மனை காலியாக் கிடக்கு, ரோடு காலியாக் கிடக்கு. முதல் கியருக்கு மேல போக வேண்டாம். என்ன ஆயிடும்?"

வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்தில் நர்ஸ் பழக்கத்தில் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கத்துவதற்கும் மிதிப்பதற்கும் யாரும் இல்லாததால் தானே பிரேக்கை மிதித்து, தானே விட்டாள். இரண்டாம் திருப்பத்தில் பார்க்கவில்லை. பின் சீட்டிலிருந்து மாஸ்டரம்மா, "உங்க ஆஸ்பத்திரியில கேன்டீன் எப்படி?" என்று ஊர்க்கதை கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டே நர்ஸ் மூன்றாவது திருப்பத்தைத் தாண்டினாள். ஒரு வட்டம் முடிந்தது. நிறுத்தாமல் இரண்டாவது வட்டம் போனாள். ஓரத்தில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். மடக்கு நாற்காலி அக்கா, அடுத்தது தன் முறை என்று சொல்லி நாற்காலியை மடக்கிவிட்டார்.

அப்போதுதான் சாலை முனையில் வெள்ளை வண்டி தெரிந்தது. கோணல் மாணலாக, ஆனால் உறுதியாக வந்தது. ஓட்டியது குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் இளம் டாக்டர், சட்டை முழுக்க வியர்வை. பக்கத்தில் மாஸ்டர்.

டாக்டர் இறங்கியதும் முதலில் சொன்னது, "நான் பாலத்தைத் தாண்டிட்டேன்" என்பதுதான். அவர் கிளினிக் அடுத்த மாதம் இங்கே மாறுகிறது. பால் பற்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்ட பிறகு அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டுவானேன் என்றுதான் கார் கற்றுக்கொள்ள வந்திருந்தார். "செருப்புக் கடைக்காரர் விஷயத்தைச் சொன்னாரு. மாஸ்டர்தான் ஓட்டறதாக் கிளம்பினாரு. சாவியைப் போடத் தெரியாம தடுமாறினாரு. அதான் நான் ஓட்டினேன்" என்று ஹாரனிடம் மெல்லச் சொன்னார்.

மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. வட்டச் சாலையில் வந்துகொண்டிருந்த நீல வண்டியை மட்டும் பார்த்தார். முன்னால் யாரோ ஒரு பெண். பின்னால் தன் மனைவி. பக்கத்து சீட் காலி.

வண்டி அவர் முன்னால் வந்து அலுங்காமல் நின்றது. மாஸ்டரம்மா இறங்கினாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்க."

"பாலத்துல எத்தனை லாரி வருது தெரியுமா?"

"இன்னிக்கு ஒண்ணுகூட வரலை. நாலாவது கியர் போட்டேன்."

மாஸ்டர் நீல வண்டியைக் கையால் காட்டினார். "சரி, இது என்ன கிளாஸ்? பக்கத்து சீட்டுல யாருமே இல்லையே. பிரேக்கை யாரு பார்த்துக்கிறது?"

"ஓட்டுறவங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை. இத்தனை வருடமாக அவர் பேசி அவள் கேட்டது போதும் என்றிருந்தது.

"இவங்க எல்லார்கிட்டயும் லைசென்ஸ் இருக்குங்க. உங்ககிட்டயே கத்துக்கிட்டவங்ககூட இதுல இருக்கலாம். இவங்களுக்குப் புதுசாக் கத்துக்குடுக்க ஒண்ணுமில்லை. பக்கத்துல உட்காராம இருக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அந்த வித்தை நம்ம வீட்டுல உங்களுக்கும் வராது, உங்க பொண்ணுக்கும் வராது. எனக்கு வருது."

ஹாரன் முன்னால் வந்தாள். "அப்பா, இங்க நிக்கிற கூட்டத்தைப் பாருங்க. இதைக் காட்டத்தான் வண்டியைக் கேட்டேன். இன்னிக்கு சாயங்காலம் வித்துட்டீங்கன்னா..."

மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே கீழே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மாஸ்டரம்மாவும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பக்கத்து சீட் பிரேக்கின் ரப்பர் முழுசாகத் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஓட்டுநர் பக்கத்து பிரேக்கிலோ கோடுகள்கூட அழியாமல் இருந்தன. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்த வண்டி. அத்தனை பேருக்கும் பிரேக் பிடித்தது யார் என்று இனி ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

நிமிர்ந்தார். போனை எடுத்தார்.

"மெக்கானிக், நான்தான். சாயங்காலம் ஸ்கூலுக்கு வர வேண்டாம். இப்பவே கிளம்பி வாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம், புதுக் குடியிருப்புக்குப் பின்னாடி. வண்டி இங்கதான் நிக்குது."

ஹாரனின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"ஸ்பேனர் பெட்டியைக் கொண்டு வாங்க" என்றார் மாஸ்டர் போனில். "பக்கத்து சீட் பெடலைக் கழட்டணும். ரெண்டையும். என்னது? இல்லை, விக்கலை. வண்டி இங்க வேலைக்கு வேணும்."

ஹாரன் கத்திய கத்தலில் பத்தாவது மாடிவரை ஜன்னல்கள் திறந்தன. வைத்த பெயர் வீண்போகவில்லை. பல் டாக்டர் காரணம் தெரியாமலே எல்லோரோடும் கைகுலுக்கினார். மாஸ்டரம்மா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். சின்ன வயதில் ஏதாவது பிடித்துப்போனால் அப்படித்தான் இழுப்பாள்.

"புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு வெள்ளை வண்டி. பிரேக்கோட" என்று மாஸ்டர் சட்டம் பேசினார். "அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன். வாரத்துல ரெண்டு நாள் ஹாரன் அதை இங்க ஓட்டிக்கிட்டு வரட்டும். மத்த நாள் நம்ம தெருவுல பார்ப்போம். சரி, வா, வீட்டுக்குப் போகலாம். நீ இன்னிக்கு ஓட்டினது போதும்."

"அம்மா" என்றாள் நர்ஸ், வண்டிக்குள்ளிருந்தபடியே. "நாளைக்கு எனக்கு விடியக்காலை டியூட்டி. ஒரே ஒரு தடவை நீங்க பின்னாடி உட்கார்ந்து வந்தீங்கன்னா, நான் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிடுவேன். வருவீங்களா?"

"வரேன்."

"விடியக்காலையா?" என்றார் மாஸ்டர். "அந்நேரத்துக்கு நம்ம வீட்டுலேருந்து எப்போ எழுந்து, எப்போ கிளம்பி வருவே?"

"கிளம்ப வேண்டியதில்லை. நான் இங்க பையன் வீட்டுல இருந்துக்கறேன்."

"நாளைக்கு ஒரு நாள்தானே?"

மாஸ்டரம்மா கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொருத்தி கையிலும் கீறல் விழாத ஒரு லைசென்ஸ். இவர்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு விடியற்காலை இருக்கிறது, ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரு கடைத்தெரு இருக்கிறது. தெருவே பாலத்தைத் தாண்டி வந்தபோதெல்லாம் வாசலில் நின்று வழியனுப்பியவள் அவள். தனக்கும் ஒருநாள் இங்கேயே தங்கிவிடும் யோசனை வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

"நாளைக்கு இந்தப் பொண்ணு" என்றாள். "அடுத்த நாள் நாற்காலி அக்கா. அப்புறம் இவங்க எல்லாரும். நான் இங்கேயே இருக்கேங்க."

மாஸ்டர் அவளையே பார்த்தார். அந்தத் தெரு, அந்த ஆபீஸ், அந்த போன், மேலே இரண்டு அறை. அங்கே அவர் ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருக்கும் மனிதர், இப்போது ஒரு கேள்வியோடு நின்றார்.

"அப்போ நான்?" என்றார்.

ஹாரன் அம்மாவைப் பார்த்தாள். மாஸ்டரம்மா பின் சீட்டில் ஏறி, அவருக்கு இடம் விட்டு அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்போதைக்கு ஏறுங்க. இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்து பேசலாம்."

நர்ஸ் எஞ்சினைக் கிளப்பிவிட்டாள். மாஸ்டர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.